கல்யாண நோட்டில் ஒரு தாள்: மொரிஷியஸ் கோவில் சங்கத்தாருக்குத் திறந்த மடல்

கோவில் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், குருக்கள்மார்களுக்கும், மகளிர் குழுவை நடத்தும் அக்காமார்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கோவில் அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கும். கல்யாணத் தேதி குறிக்கிற நோட்டு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து உட்காருவார்கள். முகூர்த்தம் எது, மேளத்துக்கு யார், எத்தனை பந்தி, ஏழு கறி சமைக்க யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் பேசி முடிந்ததும் செயலாளர் பேனாவை எடுத்து இரண்டு பெயர்களை எழுதுவார். 11 வருஷத்துக்கு முன்னால் என் பெயரையும் அப்படித்தான் எழுதினார்கள். அன்றைக்கு என் கைப்பையில், கைக்குட்டைக்கு அடியில், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் என் அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

அந்த நோட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. என் மூத்த மகன் நெஞ்சின் நடுவில் ஒரு நீளத் தழும்போடு வளர்கிறான். அந்தத் தழும்பு எதனால் வந்தது என்று ஒன்பது வருஷமாகப் படித்தும், டாக்டர்களையும் நர்சுகளையும் விடாமல் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 26 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கிரியோலில் தியாபெத் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைதான். அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, பாட்டிக்குக் காலையே எடுத்தார்கள். அதனால் வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா மட்டும் இரவு என் அறைக்கு வந்து, "கல்யாணம் முடிகிற வரைக்கும் வெளியே வாய் திறக்காதே" என்றார். நானும் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் திறக்க முடியவில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையைப் பூஜை அலமாரியில், விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். யாராவது கூடத்தில் இருந்தால் அன்றைய மாத்திரை போச்சு. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றால் என்ன காரணம் சொல்வது? அதுவும் போச்சு. நான்காவது மாதமே உண்டாகிவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார் மாமியார். ஆக, முதல் முறையாக கிளினிக்குக்குப் போனபோது பதினோராவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அங்கே எடுத்த எச்பிஏ1சி 9.8 சதவீதம்.

அந்த 9.8 என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்று மாத சராசரிச் சர்க்கரை என்று சொன்னார்கள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அது 6.5க்குக் கீழே இருக்க வேண்டும், 10ஐத் தாண்டினால் கர்ப்பத்தையே தள்ளிப்போடச் சொல்வார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது என் மகன் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. உண்டாவதற்கு முன் இரண்டு வருஷம் ஒரே இடத்தில்தான் மாத்திரை வாங்கினேன். கல்யாண வயதில் இருக்கிற பெண் என்று என் மருத்துவ அட்டையிலேயே தெரியும். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைத்தால் முன்கூட்டியே வந்து சொல்லம்மா என்று அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயரை எழுதி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

இனி இதயத்துக்கு வருகிறேன். இந்த மடலில் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய இடம் இதுதான்.

மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்போது, அதாவது கரு உருவான 22ஆம் நாள் வாக்கில், குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது அது வெறும் குழாய். அந்தக் குழாய் வளைந்து, மடிந்து, நடுவே சுவர் எழும்பி, மேலே இரண்டு அறை கீழே இரண்டு அறை என்று பிரிகிறது. ஒரே தண்டாக வெளியே போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிளந்து, ஒன்று உடம்புக்கும் ஒன்று நுரையீரலுக்கும் போகிறது. இத்தனையும் கரு உருவான எட்டாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணினால் வெறும் ஆறு வாரம். மாமியார் வெளியே சொல்லாதே என்று சொன்ன அந்த மூன்று மாதத்துக்குள் என் மகனின் இதயம் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. நான் கிளினிக் வாசலில் கால் வைத்தபோது, சுவரில் அடைக்க வேண்டிய ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு, கட்டினவர்கள் போயே போய்விட்டார்கள்.

தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை கருவுக்குத் தடையில்லாமல் போய்விடும். அந்த முதல் வாரங்களில் கருவுக்குச் சொந்தக் கணையம் வேலை செய்வதில்லை. வருகிற சர்க்கரையைச் சமாளிக்க அதனிடம் எதுவும் இல்லை. பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாயின் ஓரத்திலிருந்து சில செல்கள் புறப்பட்டு இதயத்துக்கு நடந்து போகும். பெரிய ரத்தக்குழாயை இரண்டாகப் பிரிக்கும் வேலை அவற்றுடையது. சர்க்கரை மிகுந்த சூழலில் அந்தச் செல்களில் பல வழியிலேயே சாகின்றன, சில போக வேண்டிய வழியைத் தவறவிடுகின்றன. அதனால்தான் சர்க்கரை உள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் ரத்தக்குழாய்கள் இடம் மாறிப்போவது, இரண்டாகப் பிரியாமலே நிற்பது, சுவரில் ஓட்டை என்று இந்த வகைக் கோளாறுகள் கூடுதலாகத் தெரிகின்றன.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. பொதுவாகவே பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. நம் தீவில் வருஷத்துக்குப் பிறப்பவை ஏறக்குறைய 12,000 குழந்தைகள். நூறுக்கு மேற்பட்ட தொட்டில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்த தாய்மாரிடம் இது நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை போகும். அப்படியானால் நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்குக் குறையாத குழந்தைகள் நல்ல இதயத்தோடுதான் பிறக்கின்றன. சர்க்கரை இருந்தால் பிள்ளை பெறாதே என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் இந்த மூன்று, நான்கு, ஐந்தைக் குறைக்க முடியும் என்பதுதான் என்னை உறங்கவிடாத விஷயம். கரு உருவாகும் நேரத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இந்த அபாயம் கணிசமாக இறங்கிவிடுகிறது.

ஏழாம் மாதத்தில் வரும் சர்க்கரை வேறு கதை. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கிறார்களே, அது கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரையைக் கண்டுபிடிக்க. அதற்குள் இதயம் கட்டி முடிந்திருக்கும். ஓட்டை விழ நேரம் தாண்டிவிட்டது. ஆனால் வேறொன்று நடக்கும். டென்மார்க்கில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார். தாயின் சர்க்கரை குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதிகச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தன் கணையத்தால் தானே இன்சுலினைச் சுரந்துகொள்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள். குழந்தை பருக்கிறது, இதயத்தின் நடுச்சுவரும் தடிக்கிறது.

எங்கள் வார்டில் பக்கத்துத் தொட்டிலில் அப்படி ஒரு குழந்தை இருந்தது. நாலரைக் கிலோ. பாட்டி பார்த்துப் பார்த்துப் பூரித்தார், "ராஜா மாதிரி இருக்கான்" என்று. ஆனால் மூச்சு வாங்கியது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்தால் நடுச்சுவர் தடித்து ரத்தம் வெளியே போகும் வழியை நெருக்கியிருந்தது. அந்தச் சமயத்தில் இதயத்தை வேகமாக அழுத்தி இயக்கும் மருந்துகள் கொடுத்தால் நெருக்கம் இன்னும் கூடும், அதனால் என்ன கோளாறு என்று தெரிந்துதான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் எனக்குச் சொன்னார். அந்தப் பையனுக்கு ஆபரேஷன் எதுவும் தேவைப்படவில்லை. தாயின் சர்க்கரை இனி அவனுக்கு வரப்போவதில்லை. தடிப்பு மெல்ல மெல்லக் கரைந்து ஐந்தாவது மாதத்தில் எக்கோ சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். கொழுகொழு குழந்தை என்று கொண்டாடுவதற்கு முன்னால் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

என் மகன் 4.2 கிலோ. பிறந்த முதல் மணி நேரத்தில் அவனுடைய சர்க்கரை 1.7 மில்லிமோலுக்கு இறங்கிவிட்டது. கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டோம். ஆறாவது வாரத்தில் ஒரு நாள், பால் குடிக்கும்போது அவன் நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை நின்றது. ஜூலை மாதம், வெளியே குளிர்ந்த காற்று. குழந்தைக்குத்தான் வியர்வை. பத்து உறிஞ்சு உறிஞ்சுவான், விட்டுவிடுவான், மூச்சு வாங்குவான், மறுபடி தேடுவான். நான் புடவை முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டேன். "பால் சூடு" என்றார் அத்தை. எடை ஏறவில்லை. விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்குவதை என் கணவர்தான் முதலில் பார்த்தார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். எக்கோ அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஜெல்லி தடவினார்கள். திரையில் இரண்டு கீழறைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய சுவரில் சிவப்பும் நீலமுமாக ஏதோ பீறிட்டது. "த்ரூ தான் லெகேர்" என்றார், இதயத்தில் ஓட்டை. 8 மில்லிமீட்டர். ஒரு கொண்டைக்கடலை அளவு. அவன் இதயமே அவன் மூடிய கையளவுதான். பிறந்தவுடன் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகி இருக்கும், அதனால் ஓட்டை வழியாக அதிகம் போகாது. வாரங்கள் போகப்போக அவை இளகும்போது ரத்தம் அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கும். அதனால்தான் ஆறு வாரம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீரை வெளியேற்றும் சிரப் கொடுத்து, ஒவ்வொரு கிராமாக எடையை ஏற்றி, ஐந்தாவது மாதத்தில் சென்னையில் நெஞ்சைத் திறந்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். அரசு உதவியும் சொந்தக்காரர்கள் கொடுத்த பணமும் இல்லாமல் அது நடந்திருக்காது. நாங்கள் அந்த மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

திரும்பி வந்த பிறகு வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? கிரகணத்தன்று வெளியே வந்தாயா? யாராவது கண் வைத்துவிட்டார்களோ? இன்னும் மோசமாக, "இனிப்பை வாரி வாரித் தின்றாள், அதான்" என்று ஒருத்தர். நான் அன்றைக்கு மாத்திரையை விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

இப்போது உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி ஒரு பெண்ணைப் பார்ப்பது அவள் உண்டான பிறகு. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் கழித்து. இதயத்தைப் பொறுத்தவரை அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால், பிள்ளை வேண்டும் என்ற ஆசையோடு ஒரு பெண்ணும் ஒரு பையனும் இரண்டு குடும்பத்தோடும் சேர்ந்து வந்து உட்காருகிற இடம் இந்த நாட்டில் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. அது உங்கள் மேசை.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. 1987 முதல் சில வருஷங்களுக்கு ஒரு முறை அரசு எடுக்கும் கணக்கெடுப்புகளில் அண்மையவை இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் பிள்ளைகளில் சிலருக்கு இருபதுகளிலேயே வந்துவிடுகிறது, பலருக்கு வந்திருப்பதே தெரியவில்லை. வெறும் வயிற்றில் 7 மில்லிமோல், அதாவது சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவு, இருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. அந்த நோட்டில் எழுதப்படும் பெயர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கலாமே என்று சிலர் சொல்வீர்கள். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நம் வீடுகளில் அந்தச் சீட்டு பெண்ணின் பக்கம்தான் கேட்கப்படும். பையனுக்குச் சர்க்கரை என்றால் "பார்த்துக்கலாம்" என்பார்கள். பெண்ணுக்கு என்றால் சம்பந்தம் முறியும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நிச்சயம் அப்படி முறிந்தது. அதற்கு அடுத்த வரன் வந்தபோது அவள் என்ன செய்தாள்? நான் செய்ததையே. ஒளித்தாள். சீட்டு கேட்கக் கேட்க ஒளிப்பதுதான் கூடும், ஒளித்த மாத்திரையைத்தான் விழுங்க முடியாமல் போகிறது.

நான் கேட்பது வேறு. நோட்டில் பெயர் எழுதின ஒவ்வொரு ஜோடிக்கும், ஒருவரைக்கூட விடாமல், ஒரே மாதிரி ஒரு தாள் கொடுங்கள். யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்க வேண்டாம். எல்லோருக்கும் கொடுத்தால் யாரையும் சுட்டியதாக ஆகாது. தாள் கிரியோலில் இருக்கட்டும், பின்பக்கம் தமிழில் இருக்கட்டும். நம் பிள்ளைகளில் பலர் தமிழைப் பாடுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். இந்த விஷயத்தில் தமிழ் வாத்தியாரம்மா நானே கிரியோலை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

அதில் நீளமாக ஒன்றும் வேண்டாம். பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிற நாளிலேயே இரண்டு பேரும் போய்ச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்; அரசு ஆஸ்பத்திரியிலும் சுகாதார மையத்திலும் காசு இல்லை. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிற பெண் என்றால், எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வருகிற வரை குழந்தையைத் தள்ளிப்போடுங்கள், சில மாதம்தான். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாதாரண அளவு போதாது, 5 மில்லிகிராம் வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுப்பார். ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும், அவற்றில் சில கருவுக்கு ஆகாது; ஆனால் எதையும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. உண்டானது தெரிந்த அன்றே கிளினிக்குக்குப் போங்கள். ஊருக்குச் சொல்ல மூன்று மாதம் காத்திருங்கள், டாக்டருக்குச் சொல்லக் காத்திருக்காதீர்கள். அப்புறம் 18ஆம் வாரத்திலிருந்து 22ஆம் வாரத்துக்குள் குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக ஸ்கேன் கேளுங்கள். எனக்கு 20ஆம் வாரம் சாதாரண ஸ்கேன் எடுத்து நாலு அறையும் இருக்கிறது என்றார்கள், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். நாலு அறை தெரிவது மட்டும் போதாது; அறைகளிலிருந்து வெளியே போகும் பெரிய குழாய்களையும், சுவரையும் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் எங்கே பிரசவம் பார்ப்பது, பிறந்தவுடன் யார் பக்கத்தில் இருப்பது என்று திட்டம் போடலாம். சில கோளாறுகளில் முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைதான் உயிரைக் காப்பாற்றும்.

மகளிர் குழு அக்காமார்களிடம் தனியாக ஒன்று. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் பாட்டிமார்கள்தான் நம் வீட்டுக் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள், மடியில் போட்டுப் பார்க்கிறவர்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால், குடித்துக் குடித்து நிறுத்தினால், தூங்கும்போதும் மூச்சு வேகமாக இருந்தால், உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், அது சூடும் இல்லை சளியும் இல்லை, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். குழந்தையின் வலது கையிலும் காலிலும் சின்ன விளக்கைக் கட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியைப் பிறந்த மறுநாள் வைத்துப் பார்த்தார்களா என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். வலியே இல்லாத பரிசோதனை. நீலம் பாரிக்கும் வகைக் கோளாறுகளில் பலவற்றை அது பிடித்துவிடும். என் மகனை அது பிடித்திருக்காது, அவன் ஒருபோதும் நீலமாகவில்லை. அதனால்தான் அந்த வியர்வையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

குருக்கள்மார்களே, காவடி விரதம் பத்து நாள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் கர்ப்பிணிகளில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஊசியைப் போடாமல் விட்டால் சர்க்கரை ஏறும். அவர்களுக்கு நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சைவமாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, ஊசியைப் போட்டுக்கொள், காவடியை அடுத்த வருஷம் குழந்தையோடு வந்து எடு, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று உங்கள் வாயால் ஒரு முறை சொன்னால் போதும்.

நம் சமூகம் ஒன்றைச் செய்ய நினைத்தால் செய்யும். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனபோது நாம் எப்படி எழுந்து நின்றோம் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா கூட்டத்துக்குப் போய்விட்டுத் தொண்டை கட்டி வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுத்துக்காக அவ்வளவு செய்த நாம், அந்த எழுத்தைப் படிக்கப் பிறக்கிற பிள்ளைகளுக்காக ஒரு தாள் அச்சடிக்க முடியாதா? 1987இல் அரசு நம் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதில் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. ஐந்து வருஷத்தில் நாட்டு மக்களின் ரத்தக் கொழுப்பு இறங்கியது. மேலே எடுத்த ஒரு முடிவு, வீட்டில் யாரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதுவும் அப்படி ஒரு முடிவுதான்.

என் இரண்டாவது கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுதாகச் சொன்னதாக ஆகாது. மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரை இப்போது சமையலறை மேடையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருந்தோம். எச்பிஏ1சி 6.3 வந்த பிறகுதான் பிள்ளைக்கு முயன்றோம். அதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் தொடங்கினேன். மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாறினேன். ஒரு நாளைக்கு ஆறு முறை விரலில் குத்திப் பார்ப்பேன், விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். மாமியார்தான் நோட்டில் எழுதி வைப்பார். 20ஆம் வாரம் இதய ஸ்கேன். மகள் 3.3 கிலோ, நல்ல இதயம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதால்தான் அப்படிப் பிறந்தாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கட்டுப்படுத்தாவிட்டாலும் நல்லபடியாகப் பிறந்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது மாதமும் நான் இரவில் தூங்கினேன்.

எங்கள் ஊர்க் கோவில் செயலாளர் ஐயாவிடம் தாளின் மாதிரியைப் போன வாரம் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, ஆவணியில் நான்கு கல்யாணம் இருக்கிறது, அதற்குள் அச்சடித்துவிடலாமா என்று கேட்டார். எங்கள் பக்தர்களிலேயே ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறார், அவர் கிரியோலில் திருத்திக் கொடுத்திருக்கிறார். சுகாதாரத் துறையின் நடமாடும் பரிசோதனை வண்டியைக் கோவில் வாசலுக்கு ஒரு ஞாயிறு வரவழைக்கக் கடிதமும் எழுதியிருக்கிறோம். உங்கள் கோவிலுக்கும் வேண்டுமென்றால் தாளின் நகல் தருகிறேன், பேசக் கூப்பிட்டால் பள்ளி விட்ட பிறகு எந்த நாளும் வருகிறேன். மகனையும் கூட்டி வருவேன். அவனே சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவான், அவனுக்குக் கூச்சம் இல்லை.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு தமிழாசிரியை